சைக்கிளுக்கு ‘ஏபிஎஸ்’னு விக்கிற ஸ்பிரிங் குழாய்: தனுஷ்கோடி ரோட்டுல ஓட்டிப் பாத்த ரிவ்யூ

நம்ம ராமநாதபுரம் பக்கம் கியர் சைக்கிள் வச்சிருக்க பசங்க எல்லாரும் இப்ப கேக்குற கேள்வி இதுதான், "அண்ணே ஆன்லைன்ல சைக்கிளுக்கு ஏபிஎஸ் 400 ரூவா சுத்தி கிடைக்குதே, வாங்கிப் போடலாமா?" வாயால சொன்னா எவனும் நம்புறதில்ல, அதனால ஒண்ணு ஆர்டர் போட்டு என் வண்டியிலயே மாட்டி, மண்டபத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும், இந்தப் பக்கம் ஏர்வாடி வாலிநோக்கம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுதான் இத எழுதுறேன். அவசரத்துல படிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், இது ஏபிஎஸ் (வெடுக்குனு பிரேக் போட்டாலும் சக்கரம் சுத்தாம நின்னு சறுக்கிடாம பாத்துக்கிற சிஸ்டம்) கிடையாது, ஒரு ஸ்பிரிங். அதுக்காக முழுசா குப்பைன்னும் ஒதுக்கிட முடியாது, ஒரே ஒரு வேலைய ஒழுங்கா செய்யுது, அது என்னன்னு கீழ வருது.

டப்பாவப் பிரிச்சா உள்ள விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியக் குழாய், செவப்பு கலரு, ரெண்டு முனையிலயும் கேபிள் அவுட்டர் (பிரேக் ஒயர் மேல இருக்கிற உறை) சொருக ஓட்டை, ஒரு பக்கம் திருகு மூடி. கம்பெனி பேரு ஒண்ணும் இல்ல, குழாய் மேல ஏபிஎஸ்னு மட்டும் பெருசா அடிச்சிருக்கு. மூடியத் திருகிப் பாத்தேன், பேனா ஸ்பிரிங்கவிட கொஞ்சம் தடிச்ச ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் வாஷர், அவ்ளோதான். சென்சார் இல்ல, வால்வு இல்ல, பேட்டரி இல்ல, கரண்டுன்னு ஒரு பேச்சே இல்ல.

என் வண்டி முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒயர்ல இழுக்குற டிஸ்க், 160 மிமீ தட்டு. ஆயில் டிஸ்க் வச்சிருக்கவங்க இந்தக் குழாயப் பத்தி யோசிக்கவே வேணாம், மாட்டவே முடியாது. மாட்டுறது பெரிய வேலை இல்ல, முன் பிரேக் கேபிள் அவுட்டர நடுவுல வெட்டி ரெண்டு துண்டுக்கும் இடையில குழாயச் சொருகி ஒயர உள்ள விட்டு இழுத்துக் கட்டணும், ஆனா அவுட்டர கட்டிங் பிளேயரால நறுக்குனா வாய் நசுங்கி ஒயர் உள்ள உரசும், அதுக்குன்னு இருக்கிற கட்டர்ல வெட்டணும். எங்கிட்ட கட்டர் இல்லாததால கீழக்கரையில எனக்குத் தெரிஞ்ச சைக்கிள் கடைக்கு கொண்டு போனேன். கடைக்காரர் காக்கா (அங்க அண்ணன காக்கான்னுதான் கூப்புடுவாங்க) அத கையில வாங்கி உருட்டிப் பாத்துட்டு, "தம்பி, இது அந்தக் காலத்து வி-பிரேக் வண்டியில ஷிமானோ போட்டு விட்ட சாமானுல்ல, இதுக்கு எப்ப ஏபிஎஸ்னு பேரு வச்சாங்க"ன்னு சிரிச்சார். அவரு சொன்னது சரிதான். ரெண்டு பக்கமும் ரிம்ம கவ்வுற அந்த வி-பிரேக் புதுசா வந்தப்ப அது பழைய பிரேக்கவிட ரொம்ப முரட்டுத்தனமா புடிச்சுச்சு, லேசா தொட்டாலே முன் சக்கரம் கவ்விக்கும், அத சமாளிக்க ஷிமானோ பவர் மாடுலேட்டர்னு இதே மாதிரி ஸ்பிரிங் வச்ச ஒரு துண்ட முன் பிரேக் லைன்ல போட்டாங்க. அவங்க அத ஏபிஎஸ்னு சொல்லி விக்கல.

ஸ்பிரிங் என்ன பண்ணுதுன்னா, நீங்க லிவர இழுக்கும்போது அவுட்டர் மேல ஒரு அமுக்கம் விழும்ல, அந்த அமுக்கத்துல ஸ்பிரிங் சுருங்குது. ஸ்பிரிங் சுருங்குற வரைக்கும் லிவர் நகருமே தவிர பிரேக் புடிப்பு பெருசா ஏறாது. முழுசா சுருங்கி முடிஞ்சதும் அடுத்தது நேரடி இழுவைதான், குழாயே இல்லாத மாதிரி. அதாவது லிவரோட நடுப் பகுதியில ஒரு மெத்துன இடம் கிடைக்குது, அதத் தாண்டி இழுத்தா பழைய பிரேக்தான். இதுல சக்கரம் சுத்துதா நின்னுடுச்சானு பாக்குறதுக்கு எதுவுமே கிடையாது, இந்த ஒண்ண மனசுல வச்சுக்கிட்டா மிச்ச ரிவ்யூவ நீங்களே எழுதிடலாம்.

நெஜ ஏபிஎஸ் சைக்கிளுக்கு இருக்கா இல்லையானு நெறைய பேருக்கு சந்தேகம். இருக்கு. கார்ல 1978ல பென்ஸ் எஸ்-கிளாஸ்ல போஷ் கம்பெனிது வந்துச்சு, பைக்ல 1988ல பிஎம்டபிள்யூ கே100ல வந்துச்சு, நம்மூர்ல 125 சிசிக்கு மேல புது வண்டி எல்லாத்துலயும் 2019 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். சைக்கிளுக்குன்னு போஷ் 2017ல அறிவிச்சு அடுத்த வருசம் மார்க்கெட்டுக்கு விட்டாங்க, அப்பறம் 2022ல மகுரா பிரேக்கோட சேந்து சின்னதாக்கி மலைப் பாதைக்குன்னே ஒரு ட்ரெயில் மோடும் கொண்டு வந்தாங்க. இத்தாலியில புளூபிரேக்னு இன்னொரு கம்பெனியும் பண்ணிருக்காங்க. எல்லாமே மோட்டார் வச்ச இ-பைக்குக்குத்தான், ஏன்னா வேல செய்ய கரண்டு வேணும். போஷ்துல ரெண்டு சக்கரத்துலயும் வேகம் பாக்குற சென்சார் இருக்கும், முன் சக்கரம் திடீர்னு நிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே வால்வு ஆயில் பிரஷர இறக்கும், சக்கரம் மறுபடி உருண்டதும் ஏத்தும், நீங்க லிவர விடாம புடிச்சிருக்கும்போதே இது படபடன்னு நடக்கும். பின் சக்கரம் தூக்குதான்னும் பாத்து முன் பிரேக்க இளக்கும். சைக்கிள்ல இது முக்கியம், நல்ல காஞ்ச தார் ரோட்டுல முன் பிரேக்க வெறிபுடிச்ச மாதிரி இழுத்தா பெரும்பாலும் சக்கரம் வழுக்காது, அதுக்கு முன்னாடியே பின்னாடி தூக்கிட்டு ஆளத் தலைகுப்புற கவுத்துடும்.

ஜெர்மனில இருக்கிற எங்க மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கு, போன வருசம் அங்க போனப்ப காட்டுப் பாதையில ஜல்லி எறக்கத்துல ஓட்டிப் பாத்தேன். முன் லிவர மட்டும் ஒரே அமுக்கா அமுக்குனேன், வண்டி சட்டுனு நிக்கல, ஆனா ஹேண்டில் கோணாம நேரா போயி நின்னுச்சு, விரல்ல லேசா ஒரு துடிப்பு தெரிஞ்சுச்சு. கேபிள் டிஸ்க்குல அதே மாதிரி அமுக்கிருந்தா நான் ஜல்லியில கெடந்திருப்பேன். இங்க கொண்டு வந்துடலாமா மச்சான்னு கேட்டதுக்கு ஆளு சிரிக்கிறாரு, பயணிகள் விமானத்துல 160 வாட்-மணிக்கு (Wh) மேல பேட்டரி ஏத்த விடமாட்டான், இவரு வண்டி பேட்டரி 625 Wh. தனியா ஏபிஎஸ்ஸ மட்டும் வாங்கி நம்ம வண்டியில மாட்டலாம்னா அதுவும் நடக்காது, கம்பெனியிலயே வண்டி கட்டும்போது போட்டு வர்றது அது.

இப்ப நம்ம குழாய்க்கு வருவோம். தனுஷ்கோடி ரோடு தெரியாதவங்களுக்கு: முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பதரை கிலோமீட்டர் தார் ரோடு, 2017ல தொறந்தாங்க, ரெண்டு பக்கமும் கடல். கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல தெக்குப் பக்கத்து மணல் அப்பிடியே ரோட்ட கடந்து வடக்க போகும், காலையில பாத்தீங்கன்னா தார் மேல நாக்கு நாக்கா மணல் படிஞ்சிருக்கும். குமிஞ்சு கெடக்குற மணல் கூட பரவால்ல, கண்ணுக்குத் தெரியும், வேகத்தக் கொறச்சுக்கலாம். தார் மேல மெல்லிசா தூவுன மாதிரி கெடக்குற மணல்தான் ஆளக் காலி பண்ணும், வெயில்ல ரோடும் மணலும் ஒரே வெளுப்பா தெரியும், அதுமேல முன் சக்கரம் நின்னுச்சுன்னா முடிஞ்சுது. சைக்கிள் விழாம நிக்கிறதே நம்ம ஹேண்டில அப்பிடி இப்பிடி லேசா திருப்பிக்கிட்டே இருக்கிறதாலதான், முன் சக்கரம் சுத்தலன்னா திருப்புறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல, யோசிக்கிறதுக்குள்ள தோள்பட்டை தரையில இருக்கும்.

அந்த மணல் நாக்குல வேணும்னே பிரேக் போட்டுப் பாத்தேன், மெதுவான வேகத்துலதான், முழுக்கை சட்டையும் கையுறையும் போட்டுக்கிட்டு. குழாய் இருந்தும் முன் சக்கரம் நின்னுச்சு. லிவர் பாதி கூட போகல, ஸ்பிரிங் அப்பத்தான் சுருங்கவே ஆரம்பிச்சிருக்கும், அதுக்குள்ள சக்கரம் சறுக்கிடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், மணல் மேல பிடிமானம் ரொம்பக் கம்மி, ஸ்பிரிங் தடுக்க ஆரம்பிக்கிற அளவு புடிப்பே அங்க அதிகம். சரி ஸ்பிரிங்க இன்னும் இளசா வச்சா? அப்ப தார் ரோட்டுல பிரேக்கே இருக்காது. தாருக்கு ஒரு அளவு வேணும், மணலுக்கு வேற அளவு வேணும், மழை ஈரத்துக்கு இன்னொண்ணு, எது கீழ இருக்குன்னு பாத்து மாத்துறதுதான் ஏபிஎஸ்ஸோட வேலையே. ஒரே அளவுல நிக்கிற ஸ்பிரிங்கால அது எந்தக் காலத்துலயும் முடியாது. நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும், ஒரிஜினல் ஏபிஎஸ்ஸா இருந்தாலும் லூஸ் மணல்ல வண்டி நிக்கிற தூரத்த அது கொறைக்கும்னு எதிர்பாக்காதீங்க, சில நேரம் கூடவே ஆகும், அது குடுக்குறது விழாம நிக்கிற வாய்ப்பு மட்டும்தான். வளைவுல சாஞ்சு போகும்போது பிரேக் புடிச்சா அதுவும் காப்பாத்தாது.

அப்ப இது செய்யிற அந்த ஒரு வேலை என்ன? எங்க அக்கா மகன் எட்டாப்பு படிக்கிறான், இதுவரைக்கும் கட்டை பிரேக் வண்டிதான் ஓட்டுனான், டிஸ்க் வண்டியில ஏத்துனா நாலு விரலையும் போட்டு லிவர கொத்தா புடிக்கிறான். உச்சிப்புளியில எங்க வீட்டுப் பக்கம் காஞ்ச தார் ரோட்டுல அவன ஓட்ட விட்டேன். குழாய் இல்லாதப்ப ஒவ்வொரு தடவையும் பின் சக்கரம் லேசா எந்திரிக்குது, குழாய் போட்டதும் அந்த வெடுக்குனு புடிக்கிறது போயி வண்டி அமைதியா நிக்குது. கை பழகாத பசங்களுக்கு, புதுசா டிஸ்க் வண்டி வாங்குன வயசானவங்களுக்கு, வறண்ட ரோட்டுல மட்டும் இது உதவும்னு தயங்காம சொல்லுவேன். ஆனா பயல் பயந்து போயி முழு பலத்தோட இழுத்தா ஸ்பிரிங் முட்டிக்கும், அதுக்கு மேல பாதுகாப்பு ஒண்ணும் கிடையாது.

பாம்பன் ரோடு பாலத்துலதான் எனக்கு இது மேல கடுப்பே வந்துச்சு. பக்கத்துல புது ரயில் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்ததுல இருந்து வெளியூர் காருங்களுக்கு அங்க ஒரு கணக்கே கிடையாது, ரயில் வருதுன்னா போதும், நடுப் பாலத்துல இண்டிகேட்டர் கூட போடாம அப்பிடியே நிறுத்தி செல்போன நீட்டுறாங்க. நான் பாலத்து உச்சியில இருந்து எறங்கிட்டு இருக்கேன், பின்னாடி இருந்து காத்து தள்ளுது, முன்னாடி போன கார் டக்குனு நின்னுச்சு. லிவர இழுக்குறேன், போகுது போகுது போயிட்டே இருக்கு, கைப்புடிய தொடுற மாதிரி வந்தப்பறம்தான் பிரேக் உருப்படியா புடிச்சுச்சு. இடிக்கல. ஆனா ஒயர் டிஸ்க்ல பேடு (தட்ட கவ்வுற பிரேக் கட்டை) தேயத் தேய லிவர் ஏற்கனவே உள்ள போகும், அத நாமதான் திருகி சரி பண்ணிக்கிட்டே இருக்கணும், அந்த மிச்சமிருக்க கொஞ்ச இடத்தையும் இந்த ஸ்பிரிங் தின்னுடுது. பேடு தேஞ்ச வண்டியில இத மாட்டுனா லிவர் கைப்புடியில முட்டி நிக்கும், பிரேக் பாதிதான் புடிக்கும். இத விக்கிற பக்கத்துல எங்கயாவது எழுதியிருக்கானா? இல்ல. அதே பாலத்துல மழை தூறுனா இணைப்புல இருக்கிற இரும்புத் தகடு எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கும், அங்கயும் இந்தக் குழாயால ஒரு பிரயோஜனமும் இல்ல, தகடு வர்றதுக்கு முன்னாடியே பிரேக்க விட்டுடணும், தாண்டுனதும் புடிச்சுக்கணும், அவ்ளோதான்.

அடுத்து நம்ம ஊரு ஸ்பெஷல், உப்பு. மத்த ஊரு ரிவ்யூல இது வராது. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போயிட்டு வந்தா வண்டி மேல வெள்ளையா படிஞ்சிடும், டிஸ்க் தட்டு ஒரு ராத்திரியிலயே செம்பழுப்பா ஆயிடும், அது ரெண்டு பிரேக் போட்டா பேடே சுரண்டி விட்டுடும், கவலை இல்ல. குழாய் கதை வேற. கொஞ்ச நாள்லயே லிவர விட்டா முழுசா திரும்பி வராம நடுவுல தயங்க ஆரம்பிச்சுச்சு. ஒயர்தான் காஞ்சிடுச்சுன்னு நெனச்சு எண்ணெய் விட்டேன், சரியாகல. கழட்டி மூடியத் திருகுனா திருகே வரல, பிளேயர் போட்டுத்தான் தொறந்தேன். உள்ள அலுமினியம் பூரா வெள்ளையா பூத்துப் போயிருக்கு, ஸ்பிரிங் மேல செவப்புத் துரு, ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல மணல் பொடி உப்போட சேந்து கெட்டியா அப்பியிருக்கு, கையில தட்டுனா கூட விழல, ஊசி வச்சுத்தான் நோண்டணும். ஸ்பிரிங் பாதி சுருங்குன நெலையிலயே மாட்டிக்கிட்டு நிக்குது. இதுல ஒரு வேடிக்கை, இப்பிடி மாட்டிக்கிட்டதும் அந்த மெத்துன இடம் பாதி காணாமப் போயி பிரேக் பழையபடி வெடுக்குனு புடிக்கும், ஸ்பிரிங் இருக்குன்னு நம்பி கொத்தா இழுக்குறவன் கதி என்னாகும்? குழாயோட மூடியில தண்ணி உள்ள போகாம இருக்க ஒரு ரப்பர் வளையம் கூட வைக்கல, அஞ்சு ரூவா செலவு, அத மிச்சம் புடிச்சிருக்காங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் போட்டிருந்தாலாவது நம்ம கடற்கரைக்குத் தாங்கும்.

விக்கிறவங்கிட்ட "இதுல சென்சார் எங்க இருக்கு"ன்னு கேள்வி போட்டேன். "100 சதவீதம் ஒரிஜினல் ஏபிஎஸ் சார், நல்ல குவாலிட்டி"ன்னு பதில் வந்துச்சு. துருப் புடிச்ச படத்த அனுப்பினேன், அதுக்கப்பறம் சத்தமே இல்ல. மோட்டார் பைக்குக்கும் இதே கூத்து நடக்குது, காலிப்பர்ல (பேடு உக்காந்திருக்க பாகம்) ஆயில் ஓஸ் மாட்டுற போல்ட்டு மாதிரி ஒண்ண ஏபிஎஸ்னு விக்கிறான், உள்ள இருக்கறது ஒரு ரப்பர் பை, பிரஷர் கொஞ்சத்த அது வாங்கிக்கும், லிவர் பஞ்சு மாதிரி ஆகும், வேற ஒண்ணும் நடக்காது. சைக்கிள்லயாவது வேகம் கம்மி, பைக்ல பிரேக் லைன்ல கண்டத மாட்டிட்டு ஈசிஆர் ரோட்டுல 80ல போகாதீங்கப்பா, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

அந்தக் காச வச்சு வேற என்ன பண்ணலாம்னு கேட்டீங்கன்னா, முதல்ல டயர்ல காத்தக் கொறைங்க, அதுக்குக் காசே வேணாம். நம்ம பக்கம் சீமக்கருவேல முள்ளுக்கு பயந்துக்கிட்டு எல்லாரும் கல்லு மாதிரி காத்து ஏத்தி வச்சிருக்காங்க, கெட்டி டயர் மணல்ல வழுக்கத்தான் செய்யும், கெட்டியா காத்து வச்சாலும் முள்ளு ஏறாம இருக்கப் போறதில்ல, அதுக்கு டியூப்ல ஊத்துற பங்ச்சர் பாலு தனியா இருக்கு. அப்பறம் ஒரு ஜோடி நல்ல பேடு, புது ஒயர், புது அவுட்டர். இது மூணும் மாத்துனாலே ஒயர் டிஸ்க்ல நீங்க இழுக்குற அளவுக்கு ஏத்த மாதிரி புடிப்பு வரும், வெடுக்குனு கவ்வுறதுக்கு பாதி காரணம் ஒயர் உள்ள சிக்கிச் சிக்கி நகர்றதுதான். கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்த அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, பைப்ப பீச்சி அடிக்காதீங்க, பேரிங்குக்குள்ள உப்புத் தண்ணி போயிடும். ரெண்டு விரல்ல பிரேக் புடிக்கிற பழக்கம் வந்துட்டா எங்க மருமகனுக்கு கூட இந்தக் குழாய் தேவைப்படாது, இப்பவே முக்கால்வாசி பழகிட்டான்.

மார்க்குன்னா அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் காஞ்ச ரோட்டுல வெடுக்குனு புடிக்கிறத அடக்குனதுக்கு மட்டும். ஏபிஎஸ்னு பேரு போட்டதுக்கு மைனஸ் குடுக்க வழி இருந்தா குடுத்திருப்பேன். பின் பிரேக்ல போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார், வேணாம், பின் சக்கரம் சறுக்குனாலும் கால ஊனி சமாளிச்சுக்கலாம், அங்க ஸ்பிரிங் போட்டு லிவர் இடத்த வீணாக்குறதுல ஒரு லாபமும் இல்ல. என்னோடது இப்ப காக்கா கடையில மண்ணெண்ணெயில ஊறிக்கிட்டு கெடக்குது, கீழக்கரை பக்கம் யாருக்காச்சும் பிள்ளைங்க சைக்கிளுக்கு வேணும்னா சும்மாவே எடுத்துக்கங்க, ஸ்பிரிங் மட்டும் ஸ்டெயின்லெஸ்ல வேற பாத்துப் போட்டுக்கணும்.